மாப்பிளை கோச் வோபர்னுக்கு வந்த கதை

மூன்றாவது உழுந்துவடையை எடுத்தபோதுதான் கோச் "குடும்பம்" என்ற சொல்லை முதல் தடவையாகச் சொன்னார்.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வோபர்னில் ஒரு பழைய கட்டடத்தின் எட்டாவது மாடி. வெளியே அந்த வருடத்தின் முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. உள்ளே ஹீற்றர் கொதித்தது. யன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் வடை பொரித்த எண்ணெய்ப் புகை. சோபாவின் நடுவில் கூடைப்பந்து கோச், ஒரு நெட்டையான அமெரிக்கர், முழங்கால்கள் இரண்டும் ஏறக்குறைய நாடியைத் தொடும்படி மடங்கி உட்கார்ந்திருந்தார். எதிரே சுகந்தி. வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை, கணவர் மாரடைப்பில் போய்ச் சில வருடங்கள். பக்கத்தில் அவருடைய ஒரே மகள் மதுஷா. பதினேழு வயது. உட்கார்ந்த நிலையிலேயே தாயை விட ஒரு தலை உயரம்.

இரண்டு தரப்புக்கும் நடுவில், சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றில் நான்.

"எங்களுடையது அணியல்ல, குடும்பம்," என்றார் கோச் ஆங்கிலத்தில். "நாலு வருடம் கழித்து மகள் பட்டம் வாங்கும் நாளில் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன், மாமா. நீங்கள் அழுவீர்கள். நான் உங்களை விடக் கூட அழுவேன்."

அமெரிக்காவில் "மாமா" என்றால் அம்மா. சுகந்தி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் முதலில் அதை விளங்கப்படுத்தி, பிறகு மிச்சத்தை மொழிபெயர்த்தேன்.

நான் மொழிபெயர்ப்பாளன் அல்ல, விமான நிலைய லிமோசின் ஓட்டுநர் என்பது இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். கோச்சை ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டு, காருக்குள் இருந்து வானொலி கேட்டிருக்க வேண்டியவன். "சிவா, இவர்களுடைய பாஷை உனக்குத் தெரியும்தானே? மேலே வா," என்றார். போனேன். வடையும் கிடைத்தது.

ஐந்து ஜக்கெற்

அவருடைய பெயர் மேப்லி. எங்கள் ஓட்டுநர்கள் வாயில் அது முதல் நாளே மாப்பிளையாகிவிட்டது. பெயருக்கேற்ற தொழில். அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் கூடைப்பந்து அணிகளைப் பயிற்றுவிப்பவர். வருடத்தில் இரண்டு மூன்று தடவை ரொறன்ரோவில் வந்திறங்குவார். ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் உள்ள பள்ளிக்கூட ஜிம்களில் உயரமான பெண்பிள்ளைகளைப் பார்ப்பார். பிடித்துப்போனால் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரோடு கதைப்பார். தேநீர், பலகாரம், "பிள்ளை என்ன படிக்கிறா", "குசினி வேலை தெரியுமோ" என்பதற்குப் பதிலாக "இடது கையால் எறிவாளா". மற்றும்படி எங்கள் பொம்பிளை பார்க்கிற சடங்குக்கும் இதற்கும் நான் பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை.

இதைப் புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நாட்டில் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தரை வீதியில் ஒருவருக்கும் தெரியாது. கூடைப்பந்து கோச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

நான் அவரை முதலில் ஏற்றியபோது பனி கொட்டும் ஏதோ ஊரில், பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் உதவிப் பயிற்றுநர். பச்சை நிற ஜக்கெற். தோளில் ஒரு பை, கையில் ஒரு கிழிந்த வரைபடம். வரும் வழியில் ஒரு தமிழ்க் கடையில் நிறுத்தி மட்டன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். உறைப்பில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வருடத்தில் ஜக்கெற் மஞ்சளானது. பிறகு சிவப்பு, இந்த முறை தலைமைப் பயிற்றுநர். பிறகு ஊதா. வோபர்னுக்கு வந்த நாளில் கடும் நீலம். கல்லூரி மாறும்போதெல்லாம் எனக்கும் அந்த நிறத்தில் ஒன்று கொண்டுவருவார். "ரொறன்ரோவில் என்னுடைய ஆள் நீதான், சிவா," என்று சொல்லித் தோளில் போட்டுவிடுவார். எனக்கு நெஞ்சு விரியும். விமான நிலையத்துக் கார் வரிசையில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பேன்.

என் மனைவிக்கு நெஞ்சு விரியவில்லை. மஞ்சள் ஜக்கெற்றை அவர் பனி வழிக்கும்போது போடுகிறார். "உந்தாள் கல்லூரி மாத்துறார், நீங்கள் ஜக்கெற் சேர்க்கிறியள்," என்பார். "ரெண்டு பேரிலை ஆருக்கு விசர் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

ஒவ்வொரு புதிய கல்லூரியிலும் பத்திரிகைக்காரரைக் கூட்டிப் பேசுவார். நான் கைபேசியில் பார்ப்பேன். சிவப்புக் கல்லூரியில், சிறுவயதில் சிவப்புப் போர்வைக்குள்தான் தூங்கினேன், இந்த நிறம் என் இரத்தத்தில் இருக்கிறது என்றார். கண் கலங்கியது. ஊதாக் கல்லூரியில் போர்வை ஊதா. நீலத்திலும் ஒரு போர்வை. அந்தத் தாய் அவரை எத்தனை போர்வையால் மூடி வளர்த்தாளோ, பிள்ளைக்கு எப்படி மூச்சு வந்ததோ தெரியாது.

விட்டுவந்த கல்லூரிகளில் அவர் பார்த்துப் பேசிக் கூட்டிப்போன பெண்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதில்லை. கார் ஓட்டுகிறவன் ஏன் கேட்க வேண்டும்?

என் வாய், அவர்கள் நாக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

நான் கனடா வந்த புதிதில், எங்கள் கட்டடத்தில் ஆங்கிலம் தெரிந்த தமிழர் இரண்டே பேர். மற்றவர் கொஞ்சம் கர்வி. ஆகவே வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்திலும் குடிவரவுக் கந்தோரிலும் சனங்களுக்காக வாய் திறந்தது நான்தான். எனக்கு ஒரு பழக்கம். சண்டை வரும் என்று தெரிந்தால் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் சீனி போடுவேன். ஒருமுறை பக்கத்து வீட்டுக் குணம் அண்ணை, தண்ணீர்க் குழாய் திருத்தாத கட்டட மேலாளரைப் பார்த்து, "உன்ரை குடும்பம் நாசமாப் போகும்," என்றார். "உங்கள் குடும்ப நலத்தை விசாரிக்கிறார்," என்றேன் நான். மேலாளர் மகிழ்ந்து தன் பிள்ளைகளின் படத்தை எடுத்துக் காட்டினார். குணம் அண்ணை அந்தப் படத்தையும் பார்த்துத் திட்டினார்.

பிறகு ஒருநாள், அகதி விசாரணை ஒன்றுக்கு வந்திருந்த உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, உம்மடை வாயை அவையளுக்குக் குடுக்கிறீர். அதுக்குள்ளை உம்மடை நாக்கு இருக்கக் கூடாது."

அதிலிருந்து நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய பெருமையும் இருந்தது.

"நம்பலாமோ அண்ணை?"

ஆகவே வோபர்ன் வீட்டில் கோச் சொன்னதையெல்லாம் சொன்னபடி தமிழில் சொன்னேன். நாலு வருடம். முழுப் புலமைப்பரிசில். குடும்பம். பக்கத்துக் கதிரை.

சொல்லும்போது வேறொன்று காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்பு, நெடுஞ்சாலை நெரிசலில், பின் இருக்கையில் இருந்து அவர் தனக்கு வேலை பேசிக்கொடுக்கும் ஏஜென்றுடன் கதைத்தார். தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் இடம் காலியாகப் போகிறதாம். "காரோ விமானமோ வேண்டாம் என்று சொல்லு," என்றார் கோச் சிரித்துக்கொண்டு. "அவர்கள் ஓம் என்றால் நான் நடந்தே போவேன்."

லிமோசின்காரனுக்கு முதுகுப்புறம் காது இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

கோச் கைகழுவ எழுந்துபோனார். சுகந்தி என் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நீங்கள் இவரைக் கனகாலமாத் தெரியும் எண்டு சொன்னனீங்கள். இந்தாளை நம்பலாமோ? பிள்ளையை விடலாமோ?" என்றார்.

மதுஷா கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

இது மொழிபெயர்ப்பு அல்ல. என் வாய், என் நாக்கு. சொல்லியிருக்கலாம். "தங்கச்சி, இவர் இப்பவே வேறை இடம் தேடுறார்" என்று ஆறு சொல். நான் அப்போது நீல ஜக்கெற் போட்டிருந்தேன். அன்று காலைதான் தந்தார். அதன் ஸிப்பைக் கூடக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தேன்.

"ஓம் ஓம், நல்ல மனிசன்," என்றேன். "யோசிக்காதையுங்கோ."

சிம்ம ராசி

மதுஷா கோச்சின் கல்லூரியில் சேரக் கையெழுத்து வைத்தாள். அந்தப் படம் எல்லோருடைய கைபேசிக்கும் போனது. தமிழ்ப் பிள்ளை, அமெரிக்கப் பல்கலைக்கழகம், முழுப் புலமைப்பரிசில். கூடைப்பந்தையும் கைப்பந்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாத அங்கிள்மார் எல்லாம் திடீரென்று விளையாட்டு நிபுணர்கள் ஆனார்கள். "உயரமாப் பிறந்தது வீண்போகேல்லை" என்றார் ஒருவர். அதே மனிதர் அதற்கு முந்தின வருடம், "உந்த உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கை தேடப் போறியள்?" என்று சுகந்தியின் முகத்துக்கு நேரே கேட்டவர்.

சுகந்தி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்யப் போனார். பிள்ளைக்கு ஒன்று, கோச்சுக்கு ஒன்று. ஐயர் கோச்சின் நட்சத்திரம் கேட்டார். அங்கிருந்தே எனக்குத் தொலைபேசி. நான் கோச்சுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். "லியோ" என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிங்கத்தின் படத்தோடு. ஐயர் அதைச் சிம்ம ராசியாக்கி, மக நட்சத்திரம் என்று தானே முடிவுசெய்து, மேப்லி நாமதேயஸ்ய என்று அருச்சனையை முடித்தார்.

அந்த அருச்சனை நன்றாகப் பலித்தது. மதுஷா அங்கே போய் ஒரு விளையாட்டுப் பருவம் முடிந்த கையோடு, தெற்கே இருந்த பெரிய பல்கலைக்கழகம் கோச்சைக் கூப்பிட்டுக்கொண்டது.

இரண்டு சூட்கேஸ்

அணிப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி. வாழ்க்கையின் கடினமான முடிவு, நீங்கள் என்றும் என் குடும்பம், இதய வடிவில் ஒரு படம். அதை அவர்கள் வாசித்து முடிப்பதற்குள் அவர் விமானத்தில் இருந்தாராம்.

புதிதாக வந்த பயிற்றுநர் தன் பழைய அணிப் பிள்ளைகளைத் தன்னோடு கூட்டிவந்தார். மதுஷாவைக் கூப்பிட்டு, நீ நல்ல பிள்ளை, ஆனால் உனக்கு இங்கே விளையாட நேரம் கிடைக்காது, வேறு இடம் பார்ப்பது உனக்குத்தான் நல்லது என்றார். இப்போது அங்கே கல்லூரி மாறுவது மிகச் சுலபம். பெயரை ஒரு பட்டியலில் போட வேண்டும். வேறு யாராவது எடுப்பார்கள், அல்லது எடுக்க மாட்டார்கள். மதுஷாவை எடுக்கவில்லை.

வைகாசி மாதம் அவள் வந்திறங்கினாள். தாய்க்கு வேலை. நான் போனேன். கண்ணாடிக் கதவு திறந்தபோது, இரண்டு சூட்கேஸையும் ஒரே கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் பந்துப் பை. என்னைக் கண்டதும், "ஹாய் அங்கிள்," என்றாள். அவ்வளவுதான். வழி முழுவதும் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. காலநிலை பற்றிச் சொன்னேன்.

வேலை முடிந்து வந்து வாசலில் நின்ற சுகந்தி மகளைப் பார்த்தார். சூட்கேஸ்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நீல ஜக்கெற்றைக் கழற்றி, பழைய துணிக்கென்று வைத்திருந்த பைக்குள் போட்டேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். வந்து அந்தப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

பெயர் என்ன?

இலையுதிர் காலத்தில் கோச் மறுபடி வந்தார். செம்மஞ்சள் ஜக்கெற். எனக்கும் ஒன்று. "சிவா, என்னுடைய ஆள்!" என்று கட்டிப்பிடித்தார். மார்க்கத்தில் ஒரு ஜிம்முக்குப் போக வேண்டும் என்றார்.

அதற்கு முதல் நாளே சுகந்திக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தேன். "தங்கச்சி, அந்தாள் நாளைக்கு வாறார். உங்கடை வாசலாலை கொண்டுவாறன். கேக்க வேண்டியதைக் கேளுங்கோ. நான் அப்பிடியே சொல்லுறன்." "சரி," என்றார் சுகந்தி.

எனக்குள் ஒரு பெரிய காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாயின் சீற்றம். வாயடைத்துப் போன கோச். நடுவில் நீதியின் குரலாக நான். நெடுஞ்சாலையிலிருந்து மார்க்கம் வீதியில் இறங்கி, வடக்கே ஜிம் பக்கம் போகாமல் தெற்கே திரும்பி, சுகந்தியின் கட்டட வாசலில் காரை நிறுத்தினேன்.

"இது ஜிம் இல்லையே," என்றார் கோச்.

"இல்லை. ஒருவர் உங்களோடு கதைக்க வேண்டுமாம்."

சுகந்தி வேலை உடுப்போடு, முதுகுப் பையோடு நின்றார். கோச் கார் யன்னலைக் கீழே இறக்கினார். யாரென்று ஒரு கணம் தேடியதை நான் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். தேடிக் கிடைக்கவில்லை. அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. "மாமா!" என்று இரண்டு கையையும் விரித்தார்.

சுகந்தி என்னிடம் சொன்னார்: "என்ரை பிள்ளையின்ரை பேர் என்ன எண்டு கேளுங்கோ."

கேட்டேன்.

கோச் சிரித்தார். "மறப்பேனா? இடது கைக்காரி. ஆறடி இரண்டு. கை அதைவிட நீளம். வலது பக்கம் திரும்பினால் கொஞ்சம் தடுமாறுவாள், அதை நான்தான் சரிப்படுத்தினேன். அருமையான பிள்ளை." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "கைலா. கைலா எப்படி இருக்கிறாள்?" என்றார்.

அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சுகந்தி தலையை ஆட்டினார். "சரி அண்ணை. எனக்கு பஸ் வருது." போய்விட்டார். ஓடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"நல்ல பெண்மணி," என்றார் கோச். "அவருக்குச் சந்தோசம்தானே?"

"அவளுடைய பெயர் கைலா இல்லை," என்றேன்.

"ஓ," என்றார். உண்மையாகவே முகம் கொஞ்சம் வாடியது. அதற்குள் கைபேசி அடித்தது. எடுத்தார். குரல் உடனே பழையபடி தேனானது. மறுமுனையில் இன்னொரு தாய்.

போன கிழமை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார், உங்களுடைய கதைகளில் கடைசியில் நீங்களே வெல்கிறீர்கள் என்று. அவருக்காகச் சொல்கிறேன். கோச்சை நடுத்தெருவில் இறக்கிவிட்டேனா? இல்லை. மார்க்கம் ஜிம் வரைக்கும் கொண்டுபோய், இறங்கி, கதவைத் திறந்துவிட்டேன். செம்மஞ்சள் ஜக்கெற்றையும் வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை அவர் வேறு கம்பனிக் காருக்குச் சொல்லியிருந்தார்.

தெற்கத்தைய பெரிய பல்கலைக்கழகத்தில் அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அனுப்பிவிட்டார்கள். இப்போது தொலைக்காட்சியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கருத்துச் சொல்கிறார். சென்ற மாதம் தற்செயலாகப் பார்த்தேன். இக்காலத்துப் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கல்லூரி மாறுகிறார்கள், விசுவாசம் என்பதே இல்லாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியது.

கலியாண மண்டபத்தில்

மதுஷா இந்த நகரத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அங்கே விளையாடினாள். பத்திரிகையில் படம் வரவில்லை, அங்கிள்மாரும் அமைதியாகிவிட்டார்கள். இப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை.

அண்மையில் மார்க்கத்தில் ஒரு கலியாண விருந்து. மத்தியானச் சாப்பாடு. வரிசையில் எனக்கு முன்னால் சேலையோடு ஒரு தென்னை நின்றது. மதுஷாதான். எத்தனையோ வருடமாக மனதில் ஒத்திகை பார்த்ததை அங்கேயே, கையில் வெறும் சாப்பாட்டுக் கோப்பையோடு கொட்டினேன். காரில் கேட்டது, தெரிந்துகொண்டே நல்ல மனிதன் என்று சொன்னது, அவளுடைய ஒரு வருடம் வீணாகப் போனது என்னால்தான் என்பது எல்லாம்.

அவள் முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு சிரித்தாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"அங்கிள், சீரியஸா? நீங்க ட்ரான்ஸ்லேற் பண்ணினதாலயா நான் போனன்? ஐ ஸ்பீக் இங்கிலிஷ்."

எனக்கு அது அன்றுவரை தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"கோச்மார் எல்லாரும் அப்பிடித்தான். எங்கட ரீம்ல எல்லாருக்கும் தெரியும். அந்தாள் ரெண்டு வருசத்துக்கு மேல ஒரு இடத்திலயும் நிண்டதில்ல, அது ஒன்லைன்லயே இருக்கு. நான் செக் பண்ணினன். எனக்கு வீட்டை விட்டுப் போகணும், தற்ஸ் இற். போனன். வந்தன். ஐ வாஸ் சாட். பிறகு ஓகே." கோப்பையில் சோறு போட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா நீங்க பொய் சொன்னது அம்மாக்கு. எனக்கில்ல. அம்மாட்ட சொறி சொன்னீங்களா?"

சொல்லவில்லை. கோச்சை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன், தாயைக் கேள்வி கேட்க வைத்தேன். அதோடு என் கணக்கு நேராகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

வரிசையை விட்டு விலகிப் போனேன். சுகந்தி ஒரு மேசையில் தனியே இருந்து, மேடையில் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் சொன்னேன். அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் சொன்னது பொய், தெரிந்தே சொன்னது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள் சொன்னதை நம்பி நான் விடேல்லை அண்ணை," என்றார். "அவள் போறதெண்டு நிண்டாள். நான் என்ன சொன்னாலும், உங்களுக்கு என்னம்மா தெரியும் எண்டுவாள். எனக்கு அவளை மறிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒரே ஒரு காரணம், வெளியாள் ஒருத்தர் சொன்னதா. அதைத்தான் அண்டைக்கு உங்களிட்டைக் கேட்டனான்."

நான் என் கையிலிருந்த வெறும் கோப்பையைப் பார்த்தேன்.

"என்னிலை இன்னும் கோவமோ?" என்றேன்.

"இருக்கு," என்றார் சுகந்தி. "அது இருக்கட்டும். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ, லைன் குறைஞ்சிட்டுது."